பின்னால் சுவர்

மகால் ஏழாவது தெருவில்
அந்த வீட்டின் அகலம் ஒன்பது அடி.
அதற்குள் நாற்பது பேர், மணை, சீர்த்தட்டுகள்,
நகர்த்தி வைக்க இடமில்லாத ஒரு சைக்கிள்.
"இன்னும் கொஞ்சம் பின்னாடி போம்மா."
பின்னாடி சுவர்.
சுவரில் ஆணி. ஆணியில் நாள்காட்டி.
ஆறு வருடமாக என் சுடிதார் முதுகில்
யார் யார் வீட்டுச் சுண்ணாம்போ.

பதினெட்டு மில்லிமீட்டரில்
ஓரத்தில் நிற்பவர் எப்போதும் பாதி.
போன மாதம் பாதியானவர் தாய்மாமன்.
காதுகுத்துப் படத்தில் மடி இருந்தது,
மடியில் பிள்ளை இருந்தது,
மாமனின் இடது தோள் இல்லை.
பாக்கி இரண்டாயிரத்தைத் தரவில்லை.
தோளுக்கு அது நியாயமான விலைதான்.

டவுன்ஹால் ரோட்டில் நைனா முகமது
கண்ணாடி மேசைமேல் மூன்றை வைத்தார்.

புதுசு, பத்து–பதினெட்டு.
பிளாஸ்டிக் கழுத்து, இருட்டில் கொஞ்சம் தடவும்.
பதினைந்தாயிரத்து ஐநூறு.

பழசு, பதினொன்று–பதினாறு,
அரைக்கிலோ தக்காளி கனம்.
"இருட்டுல ராஜாம்மா. உள்ள லேசா பூஞ்சை,
படத்துல தெரியாது."
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
கண்ணாடிக்குள் ஒரு சின்ன வேர்,
அடுத்த ஐப்பசிக்குக் காத்திருந்தது.

மூன்றாவது வெறும் பதினாலு.
ஃபோகஸைக் கையால் திருப்ப வேண்டும்.
ஓடுகிற பிள்ளையை நான் திருப்பிப் பிடிப்பதற்குள்
அதற்குக் கல்யாணமே ஆகிவிடும்.

என் பையில் தள்ளி எடுத்த சீட்டுப் பணம்
பதினோராயிரம்.

புதுசை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.
பத்தில் வைத்தேன்.
மேற்குக் கோபுரம் தீப்பெட்டியாகிவிட்டது.
இத்தனை காலம் முழங்கால் மடக்கிக் கிடந்த தெரு
சட்டென்று கைகால் நீட்டிக்கொண்டது:
லாட்ஜ் பலகை, பனியன் குவியல்,
ஆட்டோக்காரரின் முழுக் கொட்டாவி,
கீழே, சட்டகத்தின் அடியில்,
இரண்டு செருப்பு நுனிகள்.
யாருடையவை என்று ஒரு நொடி யோசித்தேன்.

ஓரத்தில் நின்ற பார்சல் பையனின் முகம்
பூசணியாக இழுபட்டது.
"ஓரம் அப்படித்தான்" என்றார் நைனா முகமது,
"குண்டா இருக்கவங்கள நடுவுல விடுங்க."
அவருக்குத் தெரியாது,
விசேஷ வீட்டில் ஓரத்துக்குப் போகிறவர்கள்
போன பொங்கலிலிருந்து பேச்சில்லாதவர்கள்.
நடுவுக்கு வாங்க என்றால்
செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.
இனி அவர்கள் முழுசாக வருவார்கள்,
கொஞ்சம் அகலமாகவே.

மிச்சம் நாலாயிரத்து ஐநூறை
மூன்று தவணையாக நோட்டில் எழுதிக்கொண்டார்.
நான் அதை
மூன்று காதுகுத்து என்று படித்தேன்.

மறுபடி அதே ஒன்பதடி வீடு, நிச்சயதார்த்தம்.
"பின்னாடி போம்மா" என்றார்கள் பழக்கத்தில்.
ஒரு அடி முன்னால் வந்தேன்.
சுவருக்கும் முதுகுக்கும் நடுவே
மின்விசிறிக் காற்று நுழைந்தது.
நாற்பது பேர். நாற்பது ஜோடித் தோள்.
திரையை எட்டிப் பார்த்த வீட்டுக்காரர் சாந்தாராம்
முகம் சுளித்தார்:
"என்னம்மா இது,
சைக்கிளும்ல வந்திருக்கு."