வரவில்லை

பதிவேட்டின் நாற்பத்தோராம் பக்கம்.
கனிஷ்காவுக்கு ஒன்பது மாதம் முடிந்த வாரம்.
ஊசிக் கட்டத்தில் என் கையெழுத்து:
வரவில்லை.

அன்று மண் சரிந்து பாதை அடைபட்டிருந்தது.
மேல்கணக்கு லயத்துக்கு நான்தான் ஏறவில்லை.
அடுத்த மாதம் அவள் தாய் சிவனம்மா
“மலையில நிக்கலன்னா பேர் விழாது மிஸ்” என்றாள்.
அதற்கடுத்த மாதம் கொழும்பில் யார் வீட்டிலோ
வேறொரு பிள்ளைக்குப் பால்மா கரைத்துக்கொண்டிருந்தாள்.
கட்டத்தில் அதே சொல்,
மை மட்டும் வேறு.

சின்னமுத்து எனக்கு
பயிற்சிக் காலத்துச் சுவர்ப்படம், அவ்வளவுதான்.
இப்போது பிள்ளைக் காம்பிராவில்
பதினொரு தொட்டிலில் ஏழு அனலாய்க் கொதிக்கிறது.
காதோரம் தொடங்கிய சிவப்பு
கழுத்திறங்கி நெஞ்சுக்கு வருகிறது.

லயத்து வாசல்களில் வேப்பிலை.
இந்தக் குளிரில் வேம்பு ஏது?
வெல்லவாய பஸ்ஸில் கட்டாக வந்தது,
கொண்டக்டருக்கு இருநூறு ரூபாய்.
கழற்றச் சொல்லவில்லை நான்.
“ஆத்தா எறங்கியிருக்கா, இப்ப ஊசியா?”
கேட்டவன் பேச்சிமுத்து.
“அவ இன்னும் எட்டிப் பாக்காத வீட்டுக்குத்தான்” என்றேன்.
சிரித்தபடி மகனின் சட்டைக் கையைச் சுருட்டினான்.

விடியுமுன் பெரட்டுக்களம்.
கொழுந்துத் தராசின் மேல் ஐஸ் பெட்டி.
பனிக்குள் அறுபத்துமூன்று அழுகை.
துரை இரண்டுமுறை மணி பார்த்தார்.

பதுளை ஆஸ்பத்திரியில்
ஒட்சிசன் குழாயோடு கனிஷ்கா.
இரவு பஸ்ஸில் வந்திறங்கிய சிவனம்மா
அட்டையை நீட்டினாள்:
“இதுல என்னா மிஸ் எழுதியிருக்கு?”

வரவில்லை என்று எழுதியிருக்கிறது.
யார் என்று
எழுதவில்லை.