இருபத்தெட்டில் சேராதவை

செவ்வாய்க்கிழமைகளில் நான் மூட்டு எண்ணுகிறேன்.
மன்னார்குடியில், பாமணி ஆற்றுக்கு இந்தப் பக்கம்,
மருந்துக்கடைக்கு மேல்மாடி.

தோள் இரண்டு. முழங்கை இரண்டு. மணிக்கட்டு இரண்டு.
கைவிரல்களில் இருபது. முழங்கால் இரண்டு.
ஆக இருபத்தெட்டு.
கட்டைவிரலால் அழுத்த வேண்டும்
என் நகம் வெளுக்கும் அளவுக்கு,
அதற்கு மேல் கூடாது.
வலித்தால் ஒன்று, இல்லையென்றால் பூஜ்யம்.
வீக்கத்துக்குத் தனிக் கட்டம்.

பூஜ்யம் ஒன்று ஏழு
கோட்டூர்ப் பக்கமிருந்து வருகிறார்.
பெயரை எழுதக் கூடாது. சொல்லலாமா என்று
விதியில் தெளிவாக இல்லை.
"வாங்க செம்பாயி."
படி பதினொன்று. அவர் ஏறி முடிப்பதற்குள்
குப்பிகள் அத்தனைக்கும் லேபிள் ஒட்டிவிடுவேன்.

முதல் நாள் சம்மதப் படிவம் வாசித்துக் காட்டினேன்.
மாத்திரை இரண்டு வகை.
ஒன்றில் மருந்து, மற்றதில் வெறும் மாவு.
உங்களுக்கு எது என்று
உங்களுக்கும் தெரியாது, எனக்கும், டாக்டருக்கும்.
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.
"வெதநெல்லத் தண்ணியில போட்டா
பதரு மேல வந்துரும்.
இத எத்தன நாளு போட்டு வைக்கணும்?"
ஐம்பத்திரண்டு வாரம் என்றேன்.

காலையில் விறைப்பு எத்தனை நிமிடம்?
"பால்வண்டி ஆரன் அடிக்கிறப்ப
சொம்பப் புடிக்க முடியாது.
பள்ளிக்கூட வேனு திரும்புறப்ப
வெரலு பாதி மடங்கும்.
நூறுநாள் வேலைக்குப் பேரு கூப்புடுறப்ப
கையெழுத்துப் போட்டுருவேன்."
கூட்டிக் கழித்துத்
தொண்ணூற்றைந்து என்று எழுதினேன்.

கார் கதவைத் திறக்க முடிகிறதா?
சிரமமின்றி / சற்றுச் சிரமத்துடன் /
மிகுந்த சிரமத்துடன் / இயலாது.
"யாரு காரு?"
அவர் சிரித்தது நாலிலும் அடங்கவில்லை.
"நாத்து முடிச்சப் பிரிக்க முடியுதான்னு
ஒரு கேள்வி கெடையாதா தம்பி?"
கிடையாது. புரட்டிப் பார்த்துவிட்டே சொன்னேன்.

பன்னிரண்டாம் வாரம் சம்பா நடவில் வந்து விழுந்தது.
வரமாட்டார் என்றுதான் நினைத்தேன்.
நகக்கண்ணில் சேறோடு வந்தார்,
அரைநாள் கூலியை விட்டுவிட்டு.
வீங்கிய மூட்டு ஒன்பதிலிருந்து நான்கு.
என் பேனா கொஞ்சம் துள்ளியது, மறைப்பானேன்.

பிறகு அந்தக் கோடு. பத்து சென்டிமீட்டர்.
இடது முனையில் வலியே இல்லை,
வலது முனையில் தாங்கவே முடியாத வலி.
நடுவுக்கு இப்பால் ஒரு புள்ளி வைத்தார்.
"இது கை."
வலது முனையையும் தாண்டி,
வெள்ளைத் தாளில், இன்னொன்று.
"இது காலு."

இருபத்தெட்டில் பாதம் கிடையாது.
கணுக்கால் கிடையாது.
எங்கேயோ, யாரோ, நல்ல காரணத்துக்காகத்தான்
விட்டிருப்பார்கள். காரணத்தை நானும் படித்திருக்கிறேன்.
செருப்பைக் கழற்றச் சொன்னேன்.
"சேத்துக்குள்ள நிக்கிறப்ப ஒண்ணும் தெரியல.
வரப்புல ஏறுனா
மொளகாயக் கடிச்சாப்ல இருக்கு."
விரல்களின் அடிப்பகுதியைப் பக்கவாட்டில் அமுக்கினேன்.
கையை எடுத்துவிட்டேன்.

ஓரத்தில் எழுதி அனுப்பினேன்:
இரண்டு கணுக்கால், முன்பாதம் இரண்டும், நிற்கும்போது.
பத்தாம் நாள் சென்னையிலிருந்து பதில்:
இத்தகவலுக்குப் படிவத்தில் இடமில்லை. நீக்கவும்.

நீக்குவதற்கும் முறை இருக்கிறது.
அழிப்பான் கூடாது. வெள்ளை மை கூடாது.
ஒரே ஒரு கோடு,
அடியில் இருப்பது வாசிக்கத் தெரியும்படி.
பக்கத்தில் தேதி, சுருக்கொப்பம்.

அளவுகோல் வைத்து, மெதுவாக,
முறைப்படி அடித்தேன்.

வெளியே செம்பாயி இறங்கிக்கொண்டிருந்தார்,
பக்கவாட்டில், சுவரைப் பிடித்து,
படிக்கு இரண்டு கால்.
ஏறுவதைவிட இறங்க நேரமாகிறது.
ஏழாவது படியில் நின்று
ஆட்டோவா பஸ்ஸா என்று யாரிடமோ கேட்டார்.