மீதி

பதினாறாயிரத்து எண்ணூறு.
டிப்போவுக்குக் கொடுத்த கணக்கைவிடச்
சுத்தமா இருக்கே என்று
மைமூன் சிரித்தாள்.

இருபத்தெட்டு வருஷம்.
வருஷத்துக்கு முன்னூறு நாள் டூட்டி,
நாளைக்கு லுஹர் ஒன்று, அஸர் ஒன்று.
பெரியார் நிலையத்துக்கும் ஒத்தக்கடைக்கும் நடுவே
படியில் தொங்கிய கூட்டத்துக்குள் தவறவிட்டவை.
கோரிப்பாளையத்தில் பாங்கு கேட்கும்.
"உள்ளே போ, உள்ளே போ" என்று
அதற்கு மேல் கத்துவேன்.

ஓய்வு பெற்ற மறுநாள்
டிரிப் ஷீட் மாதிரி ஒரு நோட்டில் கோடு போட்டேன்.
ஒவ்வொரு வக்துக்கும் கூடவே ஒரு கழா.
ஐந்து ஐந்தாகக் கடன் இறங்கியது.
நடுவில் முட்டி போய்விட்டது.
தரையில் உட்காரக் கூடாது என்றார்
பெரியாஸ்பத்திரி டாக்டர்.
அன்றிலிருந்து ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி.
பக்கத்து நாற்காலியில் கம்பவுண்டர் இலியாஸ்.
நெற்றி தரையைத் தொடாத சுஜூதில்
தெரிவதெல்லாம் முன்வரிசைக் குதிகால்கள்தான்.
வெடிப்பை வைத்தே சொல்லிவிடுவேன்,
இது நெல்பேட்டை லத்தீபு என்று.

போன துல்கஃதாவில், இஷாவுக்குப் பிறகு
கடைசிக் கோட்டை அடித்தேன்.
முடிஞ்சது என்றேன் வீட்டுக்கு வந்து.
இட்லிக்கு ஊறிய அரிசியைக் களைந்துகொண்டிருந்தவள்
திரும்பவில்லை.
"நீங்க எழுதின கணக்கு முடிஞ்சது."
உனக்கு எத்தனை பாக்கி என்று கேட்டேன்.
"எண்ணலை.
குக்கர் விசிலுக்கு நடுவுல தொழுதிருக்கேன்.
உங்க அம்மாவோட மூத்திரத் துணிய அலசிப்போட்டு
ஒளு எடுத்துத் தொழுதிருக்கேன்.
அவனுக்குத் தெரியும்."
விளக்கை அணைத்ததும் தூங்கிப்போனாள்.

எனக்குத்தான் வரவில்லை.
கடன் தீர்ந்த ராத்திரியில்
ஏன் இப்படி ஒரு காலி வண்டி
நெஞ்சுக்குள் கடகடவென்று ஆடிக்கொண்டு போகிறது?

அப்போது வந்தாள் அவள்.
கூடையில் கொய்யா. உத்தங்குடி. மழை.
டிக்கெட்டின் பின்னால் 'ஒண்ணே கால்' என்று
நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன்.
இறங்கி நின்று அந்தத் துண்டை நீட்டினாள்.
பையில் சில்லறை இருந்தது.
ரெண்டு விசில் அடித்தேன்.

இலியாஸிடம் சொன்னேன்.
மாத்திரை எண்ணிக் கொடுத்த பழக்கத்தில்
ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்:
தன் கடனை அவன் மன்னிப்பான், பாபுஜான்.
அவ கடனை அவதான் மன்னிக்கணும்.

எங்கே போய்த் தேட?
அவள் சாயலில் ஒருத்திக்கு டிக்கெட் எடுக்கலாமென்றால்
டவுன் பஸ்ஸில் பொம்பளைகளுக்கு
இப்போது காசே கிடையாது.

வியாழன்தோறும் பென்ஷனில் இருநூறைச்
சில்லறையாக மாற்றி, சுருக்குப் பையில் கட்டி
ஒத்தக்கடை வண்டியில் ஏறுகிறேன்.
கண்டக்டர் பையன் பேர் சௌந்தர்.
பத்து ரூபாய் டிக்கெட்டுக்கு ஐநூறா என்று
அவன் வாய் திறக்குமுன் முடிச்சை அவிழ்ப்பேன்.
அந்த ஒரு டிரிப்பில்
எவர் மீதியும் டிக்கெட்டின் பின்னால் ஏறாது.
இது கடனடைப்பா கிறுக்கா, தெரியவில்லை.
நோட்டில் எழுதுவதில்லை.
திரும்பி வந்து படுத்தால் தூக்கம் வருகிறது.
அதுவரை சரி.

நேற்று உத்தங்குடி தாண்டியதும்
எங்கிருந்தோ அஸர் பாங்கு.
ஜன்னல்வரை வந்து வந்து
இருபத்தெட்டு வருஷம் திரும்பிப்போன குரல்.
சௌந்தர் என் முகத்தைப் பார்த்தான்.
நான் கேட்கவில்லை.
ஒற்றை விசில்.
ஸ்டாப்பிங் இல்லாத இடத்தில் வண்டி நின்றது.

முட்டியைப் பிடித்துக்கொண்டு
ஒவ்வொரு படியாக இறங்கினேன்.
பெரியவரே, சில்லறைப் பை என்றான்.
வச்சுக்கப்பா, அடுத்த வாரம் பாத்துக்கலாம்.

வண்டி கிளம்பியது.
"உள்ளே போ, உள்ளே போ" என்று
அவன் கூட்டத்தைப் பார்த்துத்தான் கத்தினான்.