ஒரு ஜோடிக் கால்

வார்பர்ட்டனுக்கு மேலே, மலைப்பாதையின் ஏழாம் வளைவில்,
விழுந்து மட்கிய யூகலிப்டஸ் ஒன்றில்
ஹெட்லி கத்தியை விட்டுத் திருகினான்.
பிட்டுப் போல் உதிர்ந்தது மரம்.
உள்ளே ஒருத்தி.
ஈர வெல்வெட், நீலம் செத்த கறுப்பு.
விரல் பட்டதும் இரண்டு நூலாய்ப் பசை துப்பினாள்.
என் கைக்கடிகாரக் கண்ணாடி இன்னும் மங்கல்தான்.

புழு என்றால் கால் இருக்கக் கூடாது, இவளுக்கு இருக்கிறது.
கால் என்றால் மூட்டு வேண்டும், இவளுக்கு இல்லை.
உறவுக்காரிகள் பலர் குட்டி போடுகிறார்கள்;
இவளோ பின்னால் ஒரு குழலை நீட்டி
முட்டை வைக்கிறாள்.
பதினைந்து ஜோடிக் கால் என்றால் ஊபெரிபேட்டஸ்.
பதினான்கு என்றால் ஊபெரிபேட்டெல்லஸ்:
ஒரு ஜோடி குறைந்தால்
பெயரில் ஒரு கொஞ்சல் கூடிவிடும்.

தமிழில் ஊ என்றால் இறைச்சி என்றேன்.
கிரேக்கத்தில் முட்டை என்றான்.
அத்தோடு சமாதானம் முடிந்தது.
நான் எண்ணியது பதினான்கு, அவன் எண்ணியது பதினைந்து.
மலை இறங்கும்வரை வளைவுக்கு வளைவு சண்டை.

பெட்டிக்குள், பாசிமேல், நான்கு முட்டை வைத்தாள்.
மறுவாரம் அவளைச் சாராயத்தில் போட்டோம்.
எண்ண வேண்டுமானால் அவள் அசையக் கூடாதே.
சுருண்டுகொண்டாள். நிமிர்த்தப் போனேன்.
இடுக்கி வழுக்கிப் பின்பக்கம் கிழிந்தது,
எந்த இடத்தில் வழக்கோ
அந்த இடத்திலேயே.
ஹெட்லி சீட்டு எழுதினான்: பெண். வார்பர்ட்டன். பேரினம்,
அப்புறம் ஒரு கேள்விக்குறி.
என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவன் டார்வினுக்கு வேலை மாறிப் போனான்.
முட்டைகள் என் பழைய ஃபிரிட்ஜில், பத்து டிகிரியில்,
கொத்தமல்லிக் கட்டுக்குப் பின்னால்.
ஒரு குளிர்காலம். ஒரு கோடை. மறுபடி குளிர்.
இரண்டில் பூசணம் பூத்தது. ஒன்று வற்றிவிட்டது.
பதினேழாம் மாதம் ஒரு வியாழன், பால் எடுக்கத் திறந்தால்
ஓடு கீறிக் கிடக்க, அருகில்
வெள்ளை நூல்துண்டு ஒன்று
நடந்துகொண்டிருக்கிறது.

பிறக்கும்போதே கால்கள் முழுக்கணக்கு;
பிறகு கூடுவதில்லை.
லென்ஸைப் பிடித்தேன். ஒன்பது வரை வந்ததும்
அவனுக்குப் போன் போட்டேன்.
"என்ன?" என்றான். அங்கே மழை இரைச்சல்.
"இரு, எண்ணிக்கொண்டிருக்கிறேன்."
இருந்தான். இரண்டு முறை விட்டுப்போய்
முதலிலிருந்து தொடங்கினேன். அப்போதும் இருந்தான்.

"பதினைந்து."

அவன் சிரிக்கவில்லை.
"தாய் இன்னும் ஜாடியிலா?" என்று மட்டும் கேட்டான்.

இரவே ஜாடியைத் திறந்து சீட்டை எடுத்தேன்.
ரப்பரால் தேய்த்தேன், பிளேடால் சுரண்டினேன்.
சாராயத்துக்கே கரையாத மை அது.
கேள்விக்குறியின் வளைவு கொஞ்சம் மெலிந்தது,
புள்ளி
அப்படியே இருந்தது.