ஆறு புள்ளி ஒன்று

மீட்டரின் முனையைக் கழுவித் துடைத்து
மறுபடி சேற்றுக் கரைசலில் வைத்தேன்.
ஆறு புள்ளி ஒன்று.
முசல்லம் சிரித்தார்:
"பின்னால் பார், மலையே சுண்ணாம்பு.
இந்த ஊரில் மண் புளிக்குமா?
பேட்டரியை மாற்று."

மாற்றினேன்.
ஆறு புள்ளி ஒன்று.

சஹமில் கிணறுகள் உப்பேறிய பிறகு
கடலை வடிகட்டித்தான் பாய்ச்சுகிறோம்.
மென்மையான தண்ணீர்,
வெறுங்கையோடு வரும் விருந்தாளி.
கீழே குன்றிலிருந்து அள்ளிக்கொட்டிய மணல்,
அதனிடமும் ஒன்றுமில்லை.

ஏழு வருடமாய் வேலிமசால்.
காற்றிலிருந்து தழைச்சத்தை இழுத்து
வேரில் முடிந்துகொள்ளும் சமர்த்துப் பயிர்.
யூரியாச் செலவு மிச்சமென்று
கணக்கர் மரியலூயிஸ் வருடாவருடம் அடிக்கோடிடுவார்.
நாற்பது நாளைக்கொரு அறுப்பு.
கட்டோடு கட்டாகச் சுண்ணச்சத்தும் ஏறிப்போனதற்கு
அவரிடம் பத்தி இல்லை.

மாடுகள் இருப்பது பர்காவில்.
மேய்ச்சல் இங்கே, சாணி அங்கே.
போன தீவனம் லபனாகி
எங்கள் கேம்ப் குளிர்பெட்டிக்குத் திரும்புகிறது,
விலைச்சீட்டோடு.
எத்தனை வயலைக் குடித்திருப்பேன் இதுவரை!

மீட்டருக்கு முன்பே வேர்முடிச்சுகள் சொல்லிவிட்டன.
நகத்தால் கீறினால்
ரத்தச் சிவப்பாய் இருக்கவேண்டியவை
பாசிப்பச்சை. சில வெறும் சக்கை.
ஷோகித் மியா எட்டிப் பார்த்தான்.
காலுறைக்குள் ஒளித்திருந்த வெற்றிலைச் சுண்ணாம்பில்
ஒரு துளி வழித்துச் செடியடியில் தடவி,
"வாய் புளிக்குது பாய் இதுக்கு" என்றான்.
சிரித்தோம். வேறென்ன செய்ய,
எண்ணூறு ஏக்கர்.

வேலிக்கு அப்பால் ராத்திரியெல்லாம் லாரிகள்.
மலையை உடைத்துச் சுண்ணாம்புக்கல்லாய்
சோஹார் துறைமுகத்துக்கு ஓட்டுகிறார்கள்.
தார்ப்பாய் அவிழ்ந்த வண்டிகளின் வெள்ளைத்தூள்
சாலையோரப் பாத்திகளில் படிகிறது.
கழுவி எடு என்று போன மாதம்தான் திட்டு வாங்கினோம்.

அந்த ஓரம் மட்டும்
நாலு விரல் உயரம் கூடுதல்,
கரும்பச்சை.
மண்டியிட்டுத் தோண்டினேன்:
ஏழு புள்ளி மூன்று.
முடிச்சைக் கீறினேன்.
சிவப்பு.

அறிக்கையில் எழுதினேன்.
சுண்ணாம்புத்தூள் வேண்டும், ஹெக்டேருக்கு இவ்வளவு.
பட்ஜெட்டில் அந்தத் தலைப்பே இல்லையாம்.

வியாழக்கிழமை தூசுப் புகார் விசாரணை.
முனிசிபாலிட்டி ஆள் வருகிறார்.
லாரிக்காரர்கள் வேலியோரம் வரிசையாய் நின்று
தார்ப்பாய்களை
இறுக்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.