ஷட்டரின் உட்புறம்

நான் விற்பது ஓட்டை.
ஒன்று இருபத்தைந்து காசு.

கேட்டவர்கள் சிரிப்பார்கள்.
குனிந்து உங்கள் சட்டையைப் பாருங்கள் என்பேன்.
பொத்தான் எந்தக் கடையிலும் கிடைக்கும்;
அது நுழையும் வாசல்
யாரோ ஒருத்தி உட்கார்ந்து போட்டது.

போயம்பாளையத்தில்
பத்துக்குப் பன்னிரண்டு அறை.
ஒரு காஜா மெசின், ஒரு டியூப் லைட்,
கூரைவரை காலர் வைத்த பனியன் கட்டு.
'துளசிமணி காஜா பட்டன்' என்ற பலகையில்
பெயின்டர் 'ஜா'வை விட்டுவிட்டு
பிறகு இடுக்கில் சொருகினார்.
கூலியில் அம்பது பிடித்துக்கொண்டேன்.

திறந்த அன்றைக்கு ராத்திரி
ஷட்டரின் உட்புறம்
சாக்பீஸில் எழுதினேன்:
தைக்குள் ரெண்டாவது மெசின்.

பகலெல்லாம் அது சுருண்டு
மேலே போய்விடும்.
சரக்கு இறக்க வருகிறவன் கண்ணுக்குத் தெரியாது.
ராத்திரி இழுத்து மூடி
உள்ளே கணக்குப் பார்க்கும்போதுதான்
எதிரே வந்து நிற்கும்,
டீ சொல்லிவிட்டுக் காத்திருக்கும் ஆள்போல,
பேசாமல்.

தை வந்தது.
ஆயிரத்து நூறு பீஸில் எண்ணெய்க் கறையும் வந்தது.
மெசின் கக்கியதை நான் கவனிக்கவில்லை.
செக்குக்குப் பதில் டெபிட் நோட்டு.
"தப்பா நெனைச்சுக்காதீங்க,
புடிச்சுத்தான் ஆகோணுங்க" என்றார் மேனேஜர்.
எங்கள் ஊரில் மரியாதையாகத்தான் பிடிப்பார்கள்.
பணம் குறையும்,
'ங்க' குறையாது.

தையைத் துடைத்து வைகாசி எழுதினேன்.
வைகாசியைத் துடைத்து ஆவணி.
மாதம் இருந்த இடம்
தேய்ந்து தேய்ந்து பளபளவென்றானது.

ஒரு மத்தியானம், கரண்ட் வருமுன்
மெசினைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தேன்.
எத்தனை லட்சம் தடவை பார்த்ததுதான்:
முதலில் ஒரு கரை, பிறகு மறு கரை,
நெருக்கி நெருக்கித் தையல்.
கத்தி கடைசியில் இறங்குகிறது.
முதலிலேயே வெட்டினால்
துணி நூல்நூலாய்ப் பிரிந்துபோகும்.

நான் முதலிலேயே வெட்டினவள்.
ஆர்டர் வருமுன் கடன்.
கடன் வந்ததும் பலகை.

அன்றைக்கு மாதத்தை முழுசாக அழித்தேன்.
ஒரு நாளைக்கு நாலாயிரம் என்று எழுதினேன்.
அதில் நானூறு
வீட்டுக்கில்லை, வட்டிக்கில்லை,
நல்லெண்ணெய் டப்பாவுக்கு: நூறு ரூபாய்.

மூவாயிரத்து அறுநூறில் ஊசி முறிந்த நாளில்
மீதி நானூறையும் போட்டுவிட்டுத்தான்
ஷட்டரைத் தூக்கி வெளியே வந்தேன்.
சாயப்பட்டறை ஷிப்ட் முடித்த வீட்டுக்காரர்
வண்டிமேல் உட்கார்ந்தே தூங்கியிருந்தார்.
எல்லா நாளும் அப்படியில்லை.
ரெண்டாயிரத்தோடு எழுந்து போன நாளும் உண்டு.
டப்பாவில் கை வைத்ததும் உண்டு,
பள்ளிக்கூட ஃபீசுக்கு ஒரு தடவை,
கோபத்தில் ஒரு தடவை.

ரெண்டு கார்த்திகை போனது.

நெருப்பெரிச்சலில் ஒரு யூனிட் மூடுகிறார்கள் என்று
மெக்கானிக் மயில்சாமி சொன்னார்.
போனேன்.
திருமூர்த்தி என்பவர்.
ஒரு காலத்தில் ஆறு மெசின்,
இப்போது ஒன்று.
நான் நோட்டு எண்ணி முடிப்பதற்குள்
அதை மூன்று தடவை துடைத்துவிட்டார்.

சாய்த்து அடிப்பக்கம் பார்த்தேன்.
எண்ணெய்த் தட்டுக்கு மேலே
மார்க்கரில், பொடி எழுத்தில்:
ஆடிக்குள் பத்து.

எந்த ஆடி என்று நான் கேட்கவில்லை.
"தொடைச்சுட்டு எடுத்துக்கங்க" என்றார்.
"இருக்கட்டுங்க" என்றேன்.
பேசின விலைக்கு மேல்
ஒரு ரூபாயும் கொடுக்கவில்லை.
அதைச் சொல்லிவிடுகிறேன்.

இப்போது ரெண்டு ஓடுகிறது.
புதுசு வாரத்தில் மூன்று நாள் தையல் விடும்.
சஞ்சுக்தா அதை ஒடியாவில் திட்டுவாள்,
பிறகு ஓடும்.
ரெண்டுக்கும் போதுமான சரக்கு
எல்லா வாரமும் வருவதில்லை.

நேற்று ராத்திரி
சாக்பீஸோடு ஷட்டர் முன்னால் நின்றேன்.
மூணாவது என்று தொடங்கிய கை
'மூ'விலேயே நின்றது.
அதை அழித்து
ஒரு நாளைக்கு ஏழாயிரம் என்று எழுதினேன்.

பக்கத்தில் ஒரு சாண் இடம்
காலியாக விட்டிருக்கிறேன்.
ரெண்டு கரையும் ஆகட்டும்.