டொக்

நான்கு மாதமாக
வண்டிக்குப் பின்னால் யாரோ கதவு தட்டுகிறார்கள்.
ஜெலுத்தோங் சந்தைக்குப் போகும் வழியில்
மேட்டுக்கு மேடு ஒரு டொக்.
பள்ளத்தில் இரண்டு.

ஆப்பச்சட்டி என்று நினைத்துத் துணி சுற்றினேன்.
கரண்டி வாளியை முன்சீட்டில் உட்காரவைத்துப்
பெல்ட் போட்டேன்.
ஸ்பேர் டயரை வீட்டில் விட்டுவிட்டு
பட்டர்வொர்த் வரை பயந்துகொண்டே போய் வந்தேன்.
டொக்கும் கூடவே பாலம் கடந்தது,
டோல் கட்டாமல்.

தொண்ணூற்றாறாம் வருஷத்து வண்டி.
பெயர் மட்டும் வீரா.

சுங்கை பினாங்கில் தியோ
டிக்கியைக் காலி செய்யச் சொன்னார்.
அறுபது வயது உடம்பைச் சுருட்டி
உள்ளே படுத்துக்கொண்டார்,
காதைத் தகரத்தில் ஒட்டவைத்து.
ஆள் கடத்துகிறவள் மாதிரி ஓட்டினேன்,
அதுவும் போலீஸ் குடியிருப்பைத் தாண்டி.
மேடு வந்தது.
"லாகி!" என்றது டிக்கி.
திருப்பிக்கொண்டு வந்து இன்னொரு முறை ஏற்றினேன்.
"லாகி!"

இறங்கி முழங்காலைத் தேய்த்துக்கொண்டே
இடது பக்கம், மவுண்ட் என்றார்.

பின்சீட்டைத் தூக்கியதும்
இருபது சென் காசு ஐந்து,
காய்ந்த கறிவேப்பிலை,
போன தீபாவளிக்குக் காணாமல்போய்
ஓரகத்தி கலைமதிமேல் நான் பழி போட்ட
ஒற்றைத் தோடு.
பர்ஸில் போட்டுக்கொண்டேன்.
தியோ பார்க்கவில்லை.
அவர் நட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்:
எண்ணெய் அடித்து, கோப்பி குடித்து,
மறுபடி எண்ணெய் அடித்து.

ஸ்பிரிங்கைக் கவ்வியில் நெரித்தபோது மட்டும்
தள்ளி நில் என்றார்.
அவர் குரலில் அன்றைக்கு முதல்முறையாக மரியாதை.
எனக்கில்லை, ஸ்பிரிங்குக்கு.

கழற்றியதை உள்ளங்கையில் வைத்தார்.
வட்டமான இரும்பு, நடுவில் ரப்பர்,
பித்தவெடிப்பு விழுந்த குதிகால்.
குழிக்குள் விரலை விட்டு ஆட்டிக் காட்டினார்.
இடது மட்டும் ஏன் என்றேன்.
பேசாமல் டிக்கியின் தரையைக் காட்டினார்:
பதினோரு வருஷமாகக் கேஸ் தோங் உட்கார்ந்த இடத்தில்
துருவில் ஒரு வட்டம்.

இரண்டையும் மாற்று என்றார்.
புதுசும் பழசும் ஒரே அச்சில் ஒத்துப்போகாதாம்.
ஒன்று நாற்பத்தைந்து வெள்ளி.
இரண்டும் எண்பது என்று பேசி முடித்தேன்.
கூலி அறுபதில் அவர் அசையவில்லை.

மறுநாள் காலை நாலரை மணி.
முதல் மேட்டில் ஒன்றுமில்லை.
இரண்டாவதிலும் ஒன்றுமில்லை.
பகீரென்றது.
மாவு வாளி எங்கோ விழுந்துவிட்டதென்று
ஓரங்கட்டி, இறங்கி ஓடி, டிக்கியைத் திறந்தேன்.

மாவு இருந்தது.
சட்டி, தேங்காய்ப்பால், சீனி டப்பா,
வலது பக்கம் மாறி உட்கார்ந்த தோங்,
எல்லாம் இருந்தன.

மூடிவிட்டு ஓட்டினேன்.
இந்த அமைதியில்
வேறொன்று கேட்க ஆரம்பித்தது.
கலைமதியிடம்
முதல் வார்த்தையாக
எதைச் சொல்வது?